பி.எஸ்சி எம்.எல்.டி (மெடிக்கல் லேப் டெக்னாலஜி) ரிவ்யூ: கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் சேரலாமான்னு கேக்கறவங்களுக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததுல இருந்து தெரிஞ்சவங்க, தெரிஞ்சவங்களுக்கு தெரிஞ்சவங்கன்னு ஆள் மாத்தி ஆள் போன் பண்ணி "பாப்பாவ எம்.எல்.டி சேக்கலாமா, ஸ்கோப் இருக்கா"ன்னு கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கா உக்காந்து சொல்ற பொறுமை எனக்கு இல்ல, அதான் மொத்தமா இங்க எழுதிடறேன். சொந்த ஊரு காரிமங்கலம் பக்கம், படிச்சது கிருஷ்ணகிரி பக்கம் ஒரு தனியார் காலேஜ். பேரு போட மாட்டேன், இன்னும் சர்டிபிகேட் கைக்கு வரல. இன்டர்ன்ஷிப் முடியற கட்டத்துல இருக்கேன். மார்க் போடணும்னா படிப்புக்கு அஞ்சுக்கு நாலரை, என் காலேஜுக்கு ரெண்டு, அந்த ரெண்டுல ஒண்ணு முழுசா எங்க பயோகெமிஸ்ட்ரி மேடத்துக்கு.

என்ன படிப்புன்னே நெறைய வீட்ல தெரியல. எங்க பெரியப்பா "ரத்தம் எடுக்கறதுக்கு எதுக்குமா நாலு வருஷம்"ன்னு கேட்டாரு. ரத்தம் எடுக்கறது கைப்பழக்கம், கொஞ்ச நாள்ல வந்துடும். எடுத்த ரத்தத்துல இருந்து வர்ற நம்பர் உண்மையான நம்பரா, மெஷின் ஒளறுதா, டியூப் மாறிப்போச்சா, இல்ல பேஷன்டுக்கு நெஜமாவே அப்படித்தான் இருக்கா, இத கண்டுபிடிக்கத் தான் மூணு வருஷம் படிப்பு, ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். இதுல டாக்டர், நர்ஸ் மாதிரி நம்ம மூஞ்சி யாருக்கும் தெரியாது, நல்லாயிட்டு போறப்ப யாரும் லேப் பக்கம் வந்து நன்றி சொல்ல மாட்டாங்க, அதுக்கு ஆசப்படறவங்க வேற பாத்துக்கங்க.

சேர்ற கதைய சீக்கிரம் சொல்லிடறேன். நான் சேந்தப்ப இதுக்கு நீட் கேக்கல, பிளஸ் டூ பயாலஜி பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி மார்க் தான். அரசு சீட்டு, தனியார் காலேஜ்ல இருக்கற அரசு ஒதுக்கீட்டு சீட்டு ரெண்டுக்கும் சென்னைல கீழ்ப்பாக்கத்துல இருக்கற தேர்வுக்குழு ஆன்லைன்ல பாராமெடிக்கல் டிகிரி கவுன்சிலிங் நடத்துவாங்க, நர்சிங், பிசியோ எல்லாம் அதே அப்ளிகேஷன்ல தான் வரும். மொதல்ல அதுக்கு போடுங்க, கெடைக்கலன்னா அப்புறம் மேனேஜ்மென்ட் சீட்டு. நெறைய பேரு கவுன்சிலிங்குக்கு அப்ளை பண்ணாமயே நேரா காலேஜுக்கு போய் அட்வான்ஸ் கட்டிட்டு வந்துடறாங்க, ஏன்னு கேட்டா "தெரியாதுங்க"ன்றாங்க. கிருஷ்ணகிரில 2022ல அரசு மெடிக்கல் காலேஜ் தொறந்தாச்சு, தர்மபுரில 2008ல இருந்தே இருக்கு, அந்த ரெண்டுலயும் என்னென்ன பாராமெடிக்கல் கோர்ஸ் எத்தன சீட்டுன்னு அந்த வருஷத்து கையேட்டுல இருக்கும், அத பாக்காம யாரு பேச்சையும் நம்பாதீங்க, என் பேச்சையும் சேத்து.

ஒண்ணு மட்டும் அழுத்தி சொல்றேன். தர்மபுரி நாலு ரோட்ல ஆரம்பிச்சு கிருஷ்ணகிரி ரவுண்டானா வரைக்கும் மாடில ரெண்டு ரூம் எடுத்து "டி.எம்.எல்.டி, 100% வேலை உறுதி"ன்னு பேனர் கட்டி வெச்சிருப்பாங்க பாருங்க (முன்னாடி இருக்கற டின்னா டிப்ளமோ), அதுல எதுக்கு யாரு அங்கீகாரம் குடுத்தாங்கன்னு கேட்டா வேற வேற பேரா சொல்லுவாங்க. டிகிரின்னா தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்துல இணைஞ்ச காலேஜா, இல்ல முறையான வேற பல்கலைக்கழகமான்னு பாருங்க. 2021ல மத்திய அரசு பாராமெடிக்கல் படிப்புங்களுக்கு தனி ஆணையம் வைக்க சட்டம் போட்டிருக்கு, நர்சுங்களுக்கு கவுன்சில்ல பதிவு இருக்கற மாதிரி நமக்கும் பதிவுன்னு அந்த சட்டத்துலயே இருக்கு, அப்ப இந்த மாடி ரூம் சர்டிபிகேட்ட வெச்சுட்டு என்ன பண்ணுவாங்கன்னு நெனச்சாலே பாவமா இருக்கு.

மொத வருஷம் போர். அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி, ரெக்கார்டு நோட்டுல படம் வரையறது, படம் வரையறது, மறுபடியும் படம் வரையறது. நான் தமிழ் மீடியம், மொத மூணு மாசம் கிளாஸ்ல என்ன நடக்குதுன்னே புரியல, ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, பக்கத்துல உக்காந்திருந்த இங்கிலீஷ் மீடியம் பொண்ணுக்கும் புரியல, கிளைகாலிசிஸ் எந்த மீடியத்துல படிச்சாலும் கிளைகாலிசிஸ் தான். தமிழ் மீடியம்னு பயந்து ஒதுங்காதீங்க.

ரெண்டாவது வருஷத்துல ஹெமட்டாலஜி (ரத்தம் பத்தின பாடம்) வந்ததும் தான் ருசி தட்டுச்சு. அதே சமயத்துல தான் காலேஜ் லேபோட லட்சணமும் தெரிஞ்சது. அட்மிஷனுக்கு வந்தப்ப பளபளன்னு காட்டுன லேப்ல மைக்ரோஸ்கோப் வரிசையா கவர் போட்டு இருந்துச்சு, கவர கழட்டுனா பாதிக்கு லென்சுல பூஞ்சை, நூறு எக்ஸ் ஆயில் இம்மர்ஷன் லென்ச ஒழுங்கா தொடைக்காம எண்ணெய் காஞ்சு மொத்தமா மங்கலாயிடுச்சு, நல்லா தெரியற மைக்ரோஸ்கோப்புக்கு முன்னாடி ரேஷன் கடை மாதிரி கியூ. செமி ஆட்டோ அனலைசர் ஒண்ணே ஒண்ணு, அதுக்கு ரீஏஜென்ட் கிட் இன்ஸ்பெக்ஷன் வர்ற வாரம் மட்டும் வரும். மத்த நாள்ல மேடம் வெத்து கியூவெட்ட (சாம்பிள் ஊத்தற சின்ன குப்பி) உள்ள வெச்சு "இப்ப 505 நானோமீட்டர்ல படிக்குதுன்னு வெச்சுக்கங்க"ன்னு சொல்லுவாங்க, நாங்களும் படிக்குதுன்னு வெச்சுக்குவோம். கேட்டா "போஸ்டிங்ல பாத்துக்கலாம்"னு ஆபீஸ்ல பதில், போஸ்டிங்னா ஆஸ்பத்திரி லேப்ல போய் பழகறது. அந்த மேடம் இல்லன்னா நாங்க ஒண்ணும் கத்துக்கிட்டிருக்க மாட்டோம், தன் கைக்காசுல குளுக்கோஸ் கிட் வாங்கிட்டு வந்தாங்க ஒரு தடவ, அது எல்லா காலேஜ்லயும் நடக்காது, நடக்கவும் கூடாது, பீஸ் வாங்கறது காலேஜ் தானே.

ஆனா கையால பண்ற பழைய முறையெல்லாம் எதுக்கு, இப்ப தான் அணு எண்ற மெஷின் செல் கவுன்டர் இருக்கேன்னு சொல்றவங்க பேச்ச கேக்காதீங்க. நியூபார் சேம்பர்ல, அதான் கட்டம் போட்ட கண்ணாடி ஸ்லைடுல, வெள்ளை அணு எண்றது இருக்கே, ஒரு பங்கு ரத்தத்துக்கு மொத்தம் இருபது பங்கு வர்ற மாதிரி டர்க் திரவம் கலந்து, அதுல இருக்கற அசெட்டிக் ஆசிட் சிவப்பு அணுவ எல்லாம் ஒடைச்சுடும், சேம்பர் ஓரத்துல பைப்பெட்ட வெச்சா கவர் ஸ்லிப்புக்கு அடில தானா இழுத்துக்கும், ஒரு சொட்டு அதிகமானா பக்கத்து கால்வாய்ல வழிஞ்சு மறுபடியும் கழுவி மொதல்ல இருந்து. நாலு மூலை கட்டத்துல எண்ணி அம்பதால பெருக்கணும். ஏன் அம்பதுன்னு வைவால (வாய்மொழித் தேர்வு) கேப்பாங்க: ஆழம் 0.1 மில்லிமீட்டர், நாலு கட்டம் நாலு சதுர மில்லிமீட்டர், ஆக 0.4 கன மில்லிமீட்டர், இருபத 0.4ஆல வகுத்தா அம்பது. இத மனப்பாடம் பண்ணவங்க எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் ஒரு கேள்விய திருப்பி கேட்டதும் முழிச்சாங்க. கணக்கு எங்கிருந்து வருதுன்னு புரிஞ்சவங்களுக்கு எந்த கேள்விக்கும் கவலை இல்ல.

டெங்கு சமயத்துல போஸ்டிங்ல இருந்தப்ப தான் இதோட அருமை தெரிஞ்சது. ஒரு காலேஜ் பையனுக்கு செல் கவுன்டர்ல பிளேட்லெட் (தட்டணு) 38,000ன்னு வந்துச்சு, வெளிய அவங்க அம்மா அழுவுது, தட்டணு ஏத்தணும்னு யாரோ சொல்லிட்டாங்க போல. டூட்டில இருந்த அக்கா ரிப்போர்ட்ட கைல எடுக்கவே இல்ல, "ஸ்மியர் போடு பாக்கலாம்"னாங்க, ரத்தத்த ஸ்லைடுல மெல்லிசா தடவி மைக்ரோஸ்கோப்ல பாக்கறது தான் ஸ்மியர். லீஷ்மன் ஸ்டெயின் ரெண்டு நிமிஷம் அப்படியே விட்டு, பஃபர ரெண்டு மடங்கு ஊத்தி, வாயால ஊதி கலந்து, அப்புறம் பத்து நிமிஷம் பக்கம். ஸ்லைடோட வால் பக்கம் போய் பாத்தா பிளேட்லெட் எல்லாம் கொத்து கொத்தா ஒட்டிட்டு கெடக்கு. சில பேரு ரத்தத்துல ஈ.டி.டி.ஏ (பர்ப்பிள் மூடி டியூப்ல ரத்தம் உறையாம இருக்க போடற மருந்து) பட்டா பிளேட்லெட் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், மெஷின் ஒரு கொத்த பெரிய செல்லுன்னு நெனச்சு விட்டுடும், கவுன்ட் கொறையும். உடனே நீல மூடி சிட்ரேட் டியூப்ல மறுபடி எடுத்து ஓட்டி, சிட்ரேட் திரவம் கலக்கறதால வந்தத 1.1ஆல பெருக்குனா ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல. பையனுக்கு ஒண்ணும் இல்ல. அந்த அம்மாகிட்ட அக்கா "ஒண்ணும் இல்லம்மா, மெஷின் தப்பா எண்ணிடுச்சு"ன்னு மட்டும் சொல்லி அனுப்புனாங்க.

இன்னொண்ணு. என் பேட்ச்ல ஒரு பொண்ணு, பர்ப்பிள் டியூப்ல நெறைய ரத்தம் போயிடுச்சு, மஞ்சள் மூடி டியூப்ல கொறைவா இருக்குன்னு மூடிய தொறந்து அதுல இருந்து இதுக்கு ஊத்திட்டா. யாரும் பாக்கல. ரிசல்ட்ல பொட்டாசியம் 12க்கு மேல, கால்சியம் 3 கூட இல்ல. பொட்டாசியம் ஆறு, ஆறரை தாண்டுனாலே டாக்டருக்கு போன் போடுவாங்க. பேனிக் வேல்யூ, அதாவது உயிருக்கே ஆபத்தான அளவுன்னு நாங்க பதறுறோம், டெக்னீஷியன் அண்ணன் ஸ்கிரீன பாத்துட்டு ஜன்னல் வழியா வெளிய பாத்தாரு.

"ஏம்மா, இந்த ரிசல்ட்டுக்கு ஆளு ஐ.சி.யூல கூட இருக்க மாட்டாரு. நம்மாளு அங்க உக்காந்து போண்டா சாப்டுட்டு இருக்காரு பாரு. யாரும்மா பர்ப்பிள் டியூப்ப தொறந்தது?"

ஈ.டி.டி.ஏ பவுடர்ல பொட்டாசியம் உப்பு இருக்கு, அது கால்சியத்த புடிச்சு கட்டிப்போட்டு தான் ரத்தம் உறையாம பாத்துக்குது, ஆக பொட்டாசியம் ஏறி கால்சியம் எறங்கி ரெண்டும் ஒரே ரிப்போர்ட்ல வந்தா டியூப்ப சந்தேகப்படு, ஆல்கலைன் பாஸ்ஃபட்டேஸும் கொறைஞ்சிருந்தா சந்தேகமே வேணாம். இத எங்களுக்கு கிளாஸ்ல நடத்துனாங்க, நோட்ஸ்லயும் இருக்கு, பரீட்சைல அஞ்சு மார்க்குக்கு எழுதியும் இருக்கோம். ஆனா அந்த போண்டாவுக்கு அப்புறம் தான் எங்க பேட்ச்ல யாரும் மறக்கல. ஊசி குத்துனா மொதல்ல நீலம், அப்புறம் சிவப்பு இல்லன்னா மஞ்சள், பச்சை, பர்ப்பிள், கடைசில சாம்பல்னு வரிசை வெச்சிருக்கறது சும்மா அழகுக்கு இல்ல, ஒரு டியூப்போட மருந்து அடுத்ததுல ஒட்டக்கூடாதுன்னு தான்.

அந்த சாம்பல் மூடி டியூப் பத்தி சொல்லியே ஆகணும், நம்ம ஊருக்காரங்களுக்கு அதுல ஒரு சங்கதி இருக்கு. சுகர் டெஸ்ட்டுக்கு எடுத்த ரத்தத்த சும்மா வெச்சா செல்லுங்க உள்ளயே சர்க்கரைய தின்னுட்டே இருக்கும், மணிக்கு 5ல இருந்து 7 சதவீதம் வரைக்கும் கொறையும்னு படிச்சோம். அத தடுக்க சோடியம் ஃப்ளூரைடு போட்டிருப்பாங்க, அது ஈனோலேஸ்ங்கற என்சைம நிறுத்திடும். மேடம் இத நடத்திட்டு "உங்க ஊரு போர் தண்ணில இருக்கறதும் இதே ஃப்ளூரைடு தான்"னாங்க. கிளாஸே அமைதியாயிடுச்சு, ஏன்னா பாதி பேருக்கு சொந்தக்காரங்க யாருக்காவது பல்லு காவி அடிச்சிருக்கும், பென்னாகரம், பாலக்கோடு பக்கம் சொல்லவே வேணாம். குடிதண்ணில லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் தாண்டக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, நம்ம பக்கம் அத தாண்டுன கெணறு, போரு எவ்ளோ இருக்கு. அதுக்காகத் தான் ஜப்பான் கடன் வாங்கி ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு 2013ல தண்ணி விட்டாங்க. ஃப்ளூரைடு அளக்க அயான் செலக்டிவ் எலக்ட்ரோடுன்னு ஒண்ணு, தண்ணி, யூரின் ரெண்டுலயும் பாக்கலாம். எங்க காலேஜ்ல அது படத்துல மட்டும் தான் இருந்துச்சு. இந்த ரெண்டு மாவட்டத்துல எம்.எல்.டி நடத்தற காலேஜ்ல அது கட்டாயம் இருக்கணும்னு நான் சொல்லுவேன், வேற எங்க இல்லன்னாலும்.

மைக்ரோபயாலஜி எனக்கு ரொம்ப புடிச்சது. மெக்கான்கி அகார்ல (கிருமி வளக்கற தட்டு) ஈ.கோலை ரோஸ் கலர்ல வரும், புரோட்டியஸ் பிளட் அகார்ல அலை அலையா பரவிட்டு போகும், சூடோமோனாஸ் பிளேட்ட தொறந்தா திராட்சை வாசம் அடிக்கும்னு சீனியருங்க சொன்னப்ப கிண்டல் பண்றாங்கன்னு நெனச்சேன், நெஜமாவே அடிக்குது, ஆனா மோந்து பாக்கக்கூடாதுன்னு திட்டுவாங்க, அது வேற. சளி ஸ்லைடுல ஸீல் நீல்சன் ஸ்டெயின் போட்டு நீல பின்னணில செவப்பு குச்சி ஒண்ணு கண்ணுல பட்டா ஒரு சந்தோஷம் வரும், அடுத்த நொடியே அது ஒரு ஆளோட டி.பின்னு உறைக்கும்.

பிளட் பேங்க் போஸ்டிங் டென்ஷன். அங்க குரூப் தப்பாச்சுன்னா ஆளே போயிடுவாங்கன்றதால ஒரே சாம்பிள ரெண்டு விதமா பாப்பாங்க, செல்ல வெச்சு ஒண்ணு, சீரத்த வெச்சு ஒண்ணு, ரெண்டும் ஒத்துப்போகணும். பாம்பே குரூப்புன்னு 1952ல மும்பைல கண்டுபிடிச்சது இருக்கே, செல்ல மட்டும் பாத்தா ஓன்னு தான் காட்டும், சீரத்துல ஓ செல்லையும் சேத்து பாத்தா தான் மாட்டும். ஹிஸ்டோபேத்தாலஜில (திசு பரிசோதனை) மைக்ரோடோம்ல மெழுகு பிளாக்க அஞ்சு மைக்ரான் தடிமன்ல சீவறது பொறுமைக்காரங்களுக்கு, எனக்கு ஃபேன் காத்துல ரிப்பன் எல்லாம் பறந்துடும், அதப்பத்தி இதுக்கு மேல பேச விருப்பமில்ல.

பேஷன்ட்டுங்க பத்தி யாரும் காலேஜ்ல சொல்லித்தர மாட்டாங்க. "வெறும் வயித்துல வந்தீங்களா"ன்னா "ஆமாங்க, டீ மட்டும் தான்". மாம்பழ சீசன்ல "ரெண்டு துண்டு தான் கண்ணு, அது சாப்பாட்டுல சேருமா". பத்து மில்லி எடுத்தா "ஒரு டம்ளர் எடுத்துட்டாளே இந்த பொண்ணு"ன்னு பக்கத்துல இருக்கறவங்க கிட்ட புகார், ரெண்டு டீஸ்பூன் தான் அது. ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் போஸ்டிங் கெடைச்சா தமிழ் மட்டும் தெரிஞ்சா பத்தாது, தெலுங்குக்காரங்க, கன்னடக்காரங்க கலந்து வருவாங்க, நான் கத்துக்கிட்டது ரெண்டே வார்த்தை, "பயபடகண்டி", "பயபடபேடி". நரம்பு கெடைக்காதவங்களுக்கு கை மடிப்புல தடவி தடவி பாத்து, டோர்னிகெட்ட ஒரு நிமிஷத்துக்கு மேல கட்டி வைக்காம, கெடைக்கலன்னா கூச்சப்படாம அக்காவ கூப்புடறது தான் மரியாதை. குத்தி குத்தி பாக்கறது திறமை இல்ல.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். காலேஜ் தேர்ந்தெடுக்கறப்ப பில்டிங், பஸ்ஸு, ஏ.சி கிளாஸ் ரூம் எதையும் பாக்காதீங்க. சொந்த ஆஸ்பத்திரி இருக்கா, இருந்தா அதுல சாம்பிள் வருதா, அது ஒண்ண மட்டும் பாருங்க. ஆஸ்பத்திரி போர்டு இருக்கும், படுக்கை இருக்கும், படுக்கைல ஆள் இருக்க மாட்டாங்க, அப்படியும் இருக்கு. வேலை நாள்ல காலைல ஒன்பது பத்து மணிக்கு சொல்லாம கொள்ளாம போய் ரத்தம் எடுக்கற கவுன்டர் முன்னாடி ஒரு மணி நேரம் உக்காருங்க. கூட்டம் நெருக்குதா, சேருங்க. ஈ ஓட்டிட்டு இருந்தா, அங்க நாலு வருஷம் உக்காந்து நீங்களும் ஈ தான் ஓட்டுவீங்க. சீனியர் யாரையாவது புடிச்சு "போஸ்டிங் எங்க போடறாங்க, யாரு ஏற்பாடு"ன்னு கேளுங்க. எங்க பேட்ச்ல பாதி பேரு போஸ்டிங்க தானே அலைஞ்சு தேடிக்கிட்டாங்க, காலேஜ் ஒரு லெட்டர் மட்டும் குடுத்துச்சு. எனக்கு ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரி கெடைச்சது, அங்க இருந்த அண்ணன் அக்காங்க எந்நேரமும் சாம்பிள் குவிஞ்சு கெடந்தாலும் "இங்க வா, இத பாரு"ன்னு இழுத்து காட்டுவாங்க, நான் இன்னிக்கு தைரியமா வேலை தேடறேன்னா அவங்களால. மேலே சொன்ன நாலரை மார்க் அவங்க வாங்கிக் குடுத்தது.

இன்னொரு கேள்வியும் கேளுங்க: "லேப்ல டெய்லி கியூசி போடறீங்களா, லீவி ஜென்னிங்ஸ் சார்ட் காட்டுங்க". கியூசின்னா குவாலிட்டி கன்ட்ரோல், காலைல அளவு தெரிஞ்ச கன்ட்ரோல் சாம்பிள ஓட்டி அன்னன்னிக்கு புள்ளி வெச்சிருக்கற சார்ட் அது, சராசரில இருந்து ரெண்டு எஸ்.டி, மூணு எஸ்.டின்னு (ஸ்டாண்டர்டு டீவியேஷன், எவ்ளோ விலகலாம்ங்கற அளவு) கோடு போட்டிருக்கும், புள்ளி மூணத் தாண்டுச்சுன்னா அன்னிக்கு ரிப்போர்ட் வெளிய போகக்கூடாது. சார்ட்ட எடுத்து நீட்டுனாங்கன்னா அது லேப். "அதெல்லாம் சார்கிட்ட இருக்கும்"னா புரிஞ்சுக்கங்க. ஒரே பேனால ஒரே நாள்ல முப்பது புள்ளியும் வெச்ச மாதிரி தெரிஞ்சாலும் புரிஞ்சுக்கங்க. பிளஸ் டூ முடிச்ச பாப்பா இத கேட்டா அவங்க மூஞ்சி போற போக்க பாக்கவே ஒரு தடவ கேக்கணும்.

ஹாஸ்டல் சாப்பாடு வழக்கம் போல. பஸ் வசதி பரவால்ல, ஹைவே மேல காலேஜ் இருந்தா தர்மபுரில இருந்தும் வந்து போயிக்கலாம், நான் வீட்ல இருந்து தான் போனேன்.

வேலை. நம்ம ஊரு சின்ன லேப்ல ஆரம்பத்துல பத்து பன்னெண்டாயிரம் தான் பேசறாங்க, அதுலயே டி.எம்.எல்.டி முடிச்சவங்களுக்கும் டிகிரி முடிச்சவங்களுக்கும் பெருசா வித்தியாசம் காட்ட மாட்டாங்க, இது தான் இந்த படிப்புல எனக்கு இருக்கற பெரிய கோவம், அரை மார்க் கொறைச்சதும் இதுக்குத் தான். ஓசூர்ல கொஞ்சம் பரவால்ல. அத்திப்பள்ளி தாண்டுனா பெங்களூரு, பெரிய ஆஸ்பத்திரி, என்.ஏ.பி.எல் (லேபுங்களுக்கு தரச் சான்று குடுக்கற அமைப்பு) அங்கீகாரம் வாங்குன பெரிய லேப் எல்லாம் அங்க, நைட் டூட்டிக்கு தயாரா இருந்தா வேலை கெடைக்குது. என்.ஏ.பி.எல் லேப்ல ஒரு வருஷம் இருந்தாலே பேப்பர் வொர்க், கியூசி, ஆடிட்டு எல்லாம் பழகிடும், சம்பளம் கொஞ்சம் கம்மின்னாலும் அங்க தான் மொதல்ல போகணும்னு நான் நெனைக்கறேன். அரசு வேலைன்னா எம்.ஆர்.பில (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) லேப் டெக்னீஷியன் கிரேடு 2, கிரேடு 3ன்னு வரும், அறிவிப்பு வந்தா தகுதி பக்கத்த வரி விடாம படிங்க, அவங்க கேக்கற சர்டிபிகேட்டு வேற, நம்ம கைல இருக்கற டிகிரி வேறன்னு சண்டை நடக்கற எடம் அது. ரயில்வேல லேப் சூப்பரின்டென்டென்ட்டுக்கு நம்ம டிகிரி செல்லும், 2024 அறிவிப்புல ஆரம்ப சம்பளம் 35,400. வெளிநாடு போறவங்க ஒரு ரெண்டு வருஷம் அனுபவம் சேத்துட்டு துபாய், சவூதிக்கு பரீட்சை எழுதறாங்க. எம்.எஸ்சி போய் டீச்சிங் வர்றவங்களும் இருக்காங்க, தயவு செஞ்சு வெத்து கியூவெட்ட வெச்சு நடத்தாதீங்க.

யாருக்கு செட்டாகாதுன்னா, கலர் பிரிச்சு பாக்கறதுல கண்ணு பிரச்சனை இருக்கறவங்க சேர்றதுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணிக்கங்க, ஏன்னா ஸ்டெயினிங் முழுக்க செவப்பு, நீலம், ரோஸு, ஊதா தான், இத எங்க அட்மிஷன்ல யாரும் கேக்கவே இல்ல, எங்க கிளாஸ் பையன் ஒருத்தன் கிராம் பாசிட்டிவ், நெகட்டிவ்னு ஊதா, ரோஸு கிருமிங்கள பிரிக்கறதுக்கு பட்ட பாடு எனக்கு தெரியும். ரத்தம் பாத்தா மயக்கம் வர்றவங்க பயப்பட வேணாம், அது பழகிடும். யூரின், மோஷன் சாம்பிள் தான் மொத மாசம் சாப்பாடு எறங்காது, அப்புறம் பக்கத்து ரூம்ல டப்பா தொறந்து தயிர் சாதம் சாப்பிடுவீங்க, கைய ஒழுங்கா கழுவிட்டு.

கடைசியா, இத பேரன்ட்ஸ் கட்டாயம் படிங்க. போஸ்டிங் போறதுக்கு முன்னாடி ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூணு டோஸ், மொத நாள், ஒரு மாசம், ஆறு மாசம். பேஷன்ட்டுக்கு குத்துன ஊசி நம்ம கைல குத்திடுச்சுன்னா தடுப்பூசி போடாதவங்களுக்கு ஹெபடைட்டிஸ் பி தொத்த நூத்துல 30 வரைக்கும் வாய்ப்பு, சி 3, எச்.ஐ.வி 0.3ன்னு தான் எங்களுக்கு சொல்லிக்குடுத்தாங்க. மூணுல அதிகமா தொத்தறதுக்குத் தான் தடுப்பூசி இருக்கு. எச்.ஐ.விக்கு 72 மணி நேரத்துக்குள்ள மாத்திர ஆரம்பிக்கணும், எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது, குத்திடுச்சுன்னா திட்டுவாங்கன்னு மறைக்கவே கூடாது. காலேஜ் சில எடத்துல தடுப்பூசி தானே போட்டு விடும், சில எடத்துல பீஸ்ல சேத்து வாங்கிட்டு போடாது. ரெண்டாவது வருஷம் போஸ்டிங்குன்னா மொத வருஷத்துலயே ஆரம்பிச்சாத் தான் ஆறு மாசம் முடியும். காலேஜ் எப்ப போடும்னு காத்துட்டு இருக்காம நீங்களே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போய் போட்டுட்டு அந்த அட்டைய பத்திரமா வெச்சுக்கங்க, இன்டர்ன்ஷிப் சேர்றப்ப கேப்பாங்க.